அந்த விருந்தின் கணக்கு

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழில், அமெரிக்காவில் கறுப்பின நாடகக் கலைஞர்களுக்கு நிதி திரட்ட நடந்த ஓர் இரவு விருந்தைப் பற்றி அரைப் பக்கம் எழுதியிருந்தீர்கள். வந்த நட்சத்திரங்கள் யார், என்ன உடுத்தியிருந்தார்கள், ஒரு மேசைக்கு எத்தனை ஆயிரம் டாலர் என்றெல்லாம் இருந்தது. ‘கலைஞர்களுக்கு உதவ இவ்வளவு ஆடம்பரம் எதற்கு? விருந்துச் செலவையும் சேர்த்து அவர்களிடமே கொடுத்துவிடலாமே’ என்று முடித்திருந்தீர்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் அந்தப் பணம் யாருக்குப் போகிறது, எதற்குப் போகிறது என்று அந்த அரைப் பக்கத்தில் ஒரு வரிகூட இல்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

நான் நியூ ஜெர்சியில் எடிசனில் இருக்கிறேன். கணக்கர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின், ஒரு சின்னக் கறுப்பின நாடகக் குழுவுக்கு வாரம் ஒருநாள் கணக்கு எழுதிக் கொடுக்கிறேன். சம்பளம் கிடையாது. அந்தக் குழுவும் வருடத்துக்கு ஒருமுறை விருந்து வைக்கிறது. வாசலில் பெயர்ப் பட்டியலை வைத்துக்கொண்டு விருந்தினரை உள்ளே அனுப்பும் வேலை எனக்கு.

முதல் வருடக் கணக்கைப் பார்த்தபோதுதான் எனக்கு விஷயம் புரிந்தது. எல்லா இருக்கையும் நிரம்பினாலும் டிக்கெட் பணம் நாடகச் செலவில் ஒரு பகுதிக்குத்தான் காணும். மீதிக்கு அறக்கட்டளைகளிடம் போக வேண்டும். அவர்கள் கொடுப்பதில் பெரும்பாலானவை இன்ன நாடகத்துக்கு, இன்ன பயிற்சி வகுப்புக்கு என்று எழுதிக் கட்டிக் கொடுக்கும் பணம். ஜனவரியில் ஹீட்டர் கெட்டுப்போனால் அதிலிருந்து ஒரு டாலர் எடுக்க முடியாது. வாடகை, மின் கட்டணம், காப்பீடு, டிக்கெட் கவுன்டரில் இருக்கும் பெண்ணின் சம்பளம், இதற்கெல்லாம் பெயர் போட்டுக் கொடுக்க யாருக்கும் ஆசை வருவதில்லை. விருந்தில் வரும் பணத்துக்கு அந்தக் கட்டு இல்லை. எங்கள் குழுவில் அதை ‘மூச்சுவிடும் பணம்’ என்பார்கள்.

ஆடம்பரம் பற்றிய உங்கள் கவலையை நான் தள்ளிவிடவில்லை. ஹால் வாடகையும் சாப்பாட்டுச் செலவும் போக மிச்சம் கொஞ்சம்தான் என்றால் அப்படி ஒரு விருந்து வைக்கவே கூடாது. ஆனால் அதைத் தெரிந்துகொள்ள வழி இருக்கிறது. இங்கே இப்படிப்பட்ட அமைப்புகள் வருடந்தோறும் வரித் துறைக்குக் கொடுக்கும் 990 என்ற படிவம் பொது ஆவணம், யாரும் பார்க்கலாம். நிகழ்ச்சிகளில் இவ்வளவுக்கு மேல் திரட்டினால் வரவு எவ்வளவு, செலவு எவ்வளவு என்று அதில் தனியாகக் காட்ட வேண்டும். உடைகளுக்குக் கொடுத்த இடத்தில் பாதியை இந்த இரண்டு எண்களுக்குக் கொடுத்திருக்கலாம்.

சரி, கறுப்பின நாடகக் குழுக்களுக்கு என்று தனியாக ஏன்? என் வீட்டுக்குப் பக்கத்திலேயே பதில் இருக்கிறது. நியூ பிரன்ஸ்விக்கில் 1978-இல் தொடங்கிய கிராஸ்ரோட்ஸ் தியேட்டர் கம்பெனி. 1996-இல் பிரின்ஸ்டனில் நடந்த நாடகக்காரர்கள் மாநாட்டில் கறுப்பின நாடக ஆசிரியர் ஆகஸ்ட் வில்சன் பேசினார். இருபதாம் நூற்றாண்டின் ஒவ்வொரு பத்தாண்டுக்கும் ஒரு நாடகம் என்று பத்து நாடகங்கள் எழுதியவர், இரண்டு முறை புலிட்சர் பரிசு வாங்கியவர். நாடு முழுக்க இருந்த 66 பெரிய பிராந்திய நாடக அரங்குகளில் ஒன்றே ஒன்றுதான் கறுப்பர்களுடையது என்று அவர் அன்று எண்ணிச் சொன்னார். அந்த ஒன்றுதான் கிராஸ்ரோட்ஸ். 1999-இல் அதற்குச் சிறந்த பிராந்திய அரங்குக்கான டோனி விருது கிடைத்தது. அமெரிக்க நாடக உலகின் உயர்ந்த விருது அது. ஒரு கறுப்பின அரங்குக்கு அந்த விருது கிடைத்தது அதுவே முதல்முறை. அடுத்த வருடமே கடன் தாங்காமல் நாடகங்களை நிறுத்த வேண்டி வந்தது. பிறகு மெல்ல மெல்ல எழுந்து வந்தது, இன்றும் நடக்கிறது. ஆனாலும் அந்த இரண்டு தேதிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது எனக்கு இன்னும் மனசு ஆறுவதில்லை. உச்சத்தில் இருந்தபோதும் வாடகைக் கணக்கு அவர்களைப் பிடித்துக் கீழே இழுத்திருக்கிறது.

மினசோட்டாவில் உள்ள பெனும்ப்ரா அரங்குக்கும் 2012-இல் இதே நிலைதான். வில்சனின் நாடகங்களை ஆரம்ப காலத்திலேயே மேடையேற்றிய இடம். நாடகங்களை நிறுத்திவிட்டுப் பொதுமக்களிடம் கை நீட்டினார்கள், மக்கள் கொடுத்தார்கள், திரும்பத் திறந்தார்கள். வில்சனின் சொந்த ஊரான பிட்ஸ்பர்க்கில் அவர் பெயரில் 2009-இல் திறந்த பெரிய கலை மையமும் சில வருடங்களிலேயே கடனில் மூழ்கியது. அதன் மேல் ஹோட்டல் கட்ட நினைத்த ஒரு நிறுவனத்தின் கைக்குப் போக இருந்தது. உள்ளூர் அறக்கட்டளைகள் சேர்ந்து வாங்கித்தான் மீட்டன. கட்டடம் எழுப்பப் பணம் வந்துவிடுகிறது. அப்புறம் அதில் தினமும் விளக்குப் போட வேண்டுமே!

இதை ஆரம்பத்திலேயே புரிந்துகொண்டவர் பார்பரா ஆன் டீர் என்ற நடிகை. நியூயார்க்கின் பெரிய வணிக அரங்குகளான பிராட்வேயின் வாய்ப்புகளை விட்டுவிட்டு, அதே நகரில் கறுப்பர்கள் நிறைய வாழும் ஹார்லெமுக்கு வந்து 1968-இல் நேஷனல் பிளாக் தியேட்டரைத் தொடங்கினார். 1983-இல் ஐந்தாவது அவென்யூவும் 125-ஆம் தெருவும் சேரும் முனையில் ஒரு கட்டடத்தையே விலைக்கு வாங்கினார். கடைகளுக்கு வாடகைக்கு விட்டு அந்தப் பணத்தில் நாடகம் நடத்துவது என்பது அவர் திட்டம். அதிலும் கஷ்டங்கள் வந்தன. ஆனால் 2008-இல் அவர் இறந்த பிறகும் அந்த இடம் கைவிட்டுப் போகவில்லை. இன்று அவர் மகள்தான் நிறுவனத்தை நடத்துகிறார். ‘இடம் நம்முடையதாக இருக்க வேண்டும்’ என்று எங்கள் குழுவின் மூத்தவர்கள் பேச்சுக்குப் பேச்சு சொல்வது அவரைப் பார்த்துத்தான்.

இனி கலைஞர்கள். ஆலிஸ் சில்ட்ரஸ் என்று ஒரு பெண்மணி. அவர் எழுதிய ‘டிரபிள் இன் மைண்ட்’ 1955-இல் நியூயார்க்கில் ஒரு சின்ன அரங்கில் நடந்தது. வெள்ளைக்கார இயக்குநரின் கீழ் ஒத்திகை பார்க்கும் கறுப்பின நடிகை ஒருத்தி, தன் கதாபாத்திரம் பொய் என்று எதிர்த்து நிற்பதுதான் கதை. பிராட்வேக்குப் போக வேண்டுமானால் முடிவைக் கொஞ்சம் இதமாக மாற்று என்றார்கள். அவர் மறுத்துவிட்டார். நாடகம் பிராட்வே ஏறியது 2021-இல். 66 வருடம். சில்ட்ரஸ் 1994-லேயே போய்ச் சேர்ந்துவிட்டார். ஏட்ரியன் கென்னடி என்ற கறுப்பின நாடக ஆசிரியையின் நாடகம் முதன்முதலாகப் பிராட்வேக்கு வந்தபோது அவருக்கு வயது 91. ‘எ சோல்ஜர்ஸ் பிளே’ என்ற நாடகம் 1981-இல் நீக்ரோ என்செம்பிள் கம்பெனி என்ற கறுப்பின நாடகக் குழுவின் மேடையில் வந்து மறுவருடம் புலிட்சர் வாங்கியது. அதற்கும் பிராட்வே கதவு திறந்தது 2020-இல்தான். இத்தனை வருடமும் இவர்களைத் தாங்கிப் பிடித்தது எங்கள் குழுவைப் போன்ற சின்ன மேடைகள்தான்.

அந்த ‘சோல்ஜர்ஸ் பிளே’யின் முதல் நடிகர்களில் இருவர், பின்னர் ஹாலிவுட் நட்சத்திரங்களான டென்சல் வாஷிங்டனும் சாமுவேல் ஜாக்சனும். பின்னாளில் ஹோவர்ட் பல்கலைக்கழக மாணவர்கள் சிலருக்கு ஆக்ஸ்ஃபோர்டில் கோடைக்கால நாடகப் பயிற்சிக்கு இடம் கிடைத்து, கட்டப் பணமில்லாமல் நின்றபோது, அவர்களுக்குப் பாடம் எடுத்த நடிகை ஃபிலிஷா ரஷாத் தெரிந்தவர்களிடம் கேட்டார். பணம் கட்டியவர் டென்சல். அந்த மாணவர்களில் ஒருவர் சாட்விக் போஸ்மன். நம் பிள்ளைகள் ‘பிளாக் பாந்தர்’ என்று கொண்டாடினார்களே, அவர்தான். 2019-இல் ஒரு விழா மேடையில் டென்சலை எதிரே வைத்துக்கொண்டு அவர் இதைச் சொன்னார். ஆகஸ்ட் வில்சன் பிறந்த வீட்டைப் புதுப்பிக்கப் பணம் திரட்டியதிலும் டென்சலுக்குப் பெரிய பங்கு உண்டு. வாங்கியவர்கள் திருப்பிக் கொடுக்கும் இடமாகவும் இந்த விருந்துகள் இருக்கின்றன. சிவப்புக் கம்பளப் படத்தைப் பார்த்தால் அது தெரியாது.

எனக்கு ரொம்ப முக்கியமாகப் படும் ஒன்று, பழைய காகிதங்கள். 1821-இல் நியூயார்க்கில் வில்லியம் பிரவுன் என்ற கறுப்பர் ஆஃப்ரிக்கன் குரோவ் என்ற அரங்கை நடத்தினார். அடிமை முறை இருந்த நாட்டில் அங்கே ஷேக்ஸ்பியர் போட்டார்கள். போலீஸ் வந்து நடிகர்களைப் பிடித்துக்கொண்டு போனதும் நடந்தது. பிரவுன் எழுதிய ‘கிங் ஷாட்டவே’தான் அமெரிக்கக் கறுப்பர் ஒருவர் எழுதி மேடையேறிய முதல் நாடகம் என்கிறார்கள். அதன் ஒரு பக்கம்கூட இன்று கிடையாது.

போன வருட விருந்தில், எழுபது தாண்டிய ஒரு நடிகை என் மேசைக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். நாற்பது வருடம் மேடையில் இருந்தவர். விழாவில் எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். அவர் என்னிடம் பேசியது முழுக்கத் தன் கட்டிலுக்கு அடியில் இருக்கும் நான்கு அட்டைப் பெட்டிகளைப் பற்றி. இயக்குநர்கள் ஓரத்தில் குறிப்பெழுதிய பிரதிகள், நோட்டீஸ்கள், ஒத்திகைக் கேசட்டுகள். பல குழுக்கள் இன்று இல்லை, அந்தப் பிரதிகள் வேறு யாரிடமும் இல்லை. “நான் போனபிறகு வீட்டைக் காலி செய்பவர்கள் இதைக் குப்பையில்தானே போடுவார்கள்?” என்று கேட்டார். எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை.

அந்த இரவு வந்த பணத்தில் ஒரு பங்கை அதற்கென்று ஒதுக்கச் சொல்லி அடுத்த கூட்டத்தில் பேசினேன். ஒத்துக்கொண்டார்கள். ஒரு கல்லூரி மாணவிக்கு மணிக்கணக்கில் சம்பளம் கொடுத்து ஸ்கேன் செய்கிறோம். இரண்டு பெட்டிகள் முடிந்துவிட்டன. கேசட்டுகளை மாற்றுவதுதான் செலவு பிடிக்கிறது, சிலவற்றில் நாடா ஒட்டிக்கொண்டுவிட்டது.

ஹார்வர்ட் தமிழ் இருக்கைக்காக நாம் இங்கே வீடு வீடாகவும் நிகழ்ச்சி நடத்தியும் பணம் சேர்த்தபோது, ‘இதற்கு இவ்வளவா’ என்று கேட்டவர்களுக்கு நம்மில் எத்தனை பேர் பொறுமையாக விளக்கினோம் என்பது உங்கள் வாசகர்களுக்கு நினைவிருக்கும். அதே பொறுமையோடு இந்தக் கலைஞர்களைப் பற்றியும் ஒரு முழுக் கட்டுரை எழுதச் சொல்லுங்கள். உங்கள் நிருபர் வந்தால் எங்கள் கணக்குப் புத்தகத்தை நான் காட்டுகிறேன். அந்த நடிகையிடமும் பேசி வைத்திருக்கிறேன். மூன்றாவது பெட்டியைப் பிரிக்கும் அன்று வந்தால் நல்லது என்றார்.

அன்புடன்,
ஒரு வாசகி,
எடிசன், நியூ ஜெர்சி