ப்ரோப் பிழைக்கு மறு காலிபரேஷன் மருந்தல்ல

ஆசிரியருக்கு வணக்கம்.

பாகங்களைத் தொட்டு அளக்கும் சி.எம்.எம். எந்திரத்தின் பராமரிப்பு பற்றிய தங்கள் கட்டுரையில், ப்ரோப் (தொடுவதை உணரும் பகுதி) பிழை காட்டினால் உடனே மறு காலிபரேஷன் (தெரிந்த அளவோடு ஒப்பிட்டுச் சரிசெய்தல்) செய்யும்படி எழுதியிருந்தீர்கள். இதை அப்படியே பின்பற்றினால் கோளாறு தீராது, மறைந்துதான் போகும். ப்ரோப்பின் ஸ்டைலஸ் (முனையில் ரூபிக் குண்டு உள்ள, பாகத்தைத் தொடும் மெல்லிய கம்பி) தளர்ந்திருக்கும்போது காலிபரேஷன் செய்தால், அந்த நேரத்தில் அது சாய்ந்து நிற்கும் நிலையையே மென்பொருள் சரியென்று பதிந்துகொள்ளும். பிழைச் செய்தி போய்விடும். தப்பான அளவோடு பாகங்கள் வெளியே போகும்.

முதலில் பார்க்க வேண்டியது காலிபரேஷன் அறிக்கையில் உள்ள வடிவப் பிழை எண், அதாவது அளந்த புள்ளிகள் சரியான கோளத்திலிருந்து எவ்வளவு விலகுகின்றன என்பது. அதே ஸ்டைலஸுக்கு வழக்கமாக 2 மைக்ரான் வந்து, இப்போது 6 வந்தால், அந்த முடிவை ஏற்கக் கூடாது. மாஸ்டர் கோளத்தின் (காலிபரேஷனுக்கு வைத்திருக்கும், அளவு துல்லியமாகத் தெரிந்த கோளம்) ஒரே புள்ளியை மெதுவான வேகத்தில் 10 முறை தொட்டுப் பாருங்கள். அளவு தாறுமாறாகச் சிதறினால் தளர்வு அல்லது தூசி. ஒரே பக்கமாக நகர்ந்துகொண்டே போனால் வெப்பநிலை. ஒவ்வொரு புள்ளியும் சீராக வந்தும், கோளத்தைச் சுற்றி அளக்கும்போது மூன்று மேடு போலத் தெரிந்தால், அது தொடு ப்ரோப்பின் இயல்பு. நீளமான ஸ்டைலஸில் அதிகமாகும்.

இந்த வகை ப்ரோப்புக்குள் மூன்று சிறு உருளைகள், ஒவ்வொன்றும் இரண்டு குண்டுகளின் மேல் அமர்ந்திருக்கும். அந்தத் தொடுமுனைகள் வழியே மின்னோட்டம் தொடராக ஓடுகிறது. ஸ்டைலஸ் தொட்டதும் மின்தடை உயர்வதுதான் சிக்னல். அங்கே நுண்ணிய துகள் ஒன்று புகுந்தாலும் ஸ்டைலஸ் பழைய இடத்தில் உட்காராது. மாட்யூல் (ஸ்டைலஸைத் தாங்கும், கழற்றி மாற்றக்கூடிய பகுதி) காந்தத்தால் பிடித்திருப்பதால் இரும்புத் தூள் அதைத் தேடி வந்து ஒட்டும். காற்றுக் குழாயால் ஊதினால் தூள் இன்னும் உள்ளே போகும். ப்ரோப்புடன் வரும் பிசின் போன்ற சுத்தம் செய்யும் பொருளை அழுத்தி எடுப்பதே சரி.

ரூபி குண்டை, ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் நனைத்த, நூல் உதிராத துணியால் துடைத்து உருப்பெருக்கியில் பாருங்கள். அலுமினியத்தை ஸ்கேன் செய்தால் ரூபியில் அலுமினியம் படியும். அந்த வேலைக்கு சிலிக்கான் நைட்ரைடு குண்டு நல்லது. ஸ்டைலஸை அதற்கென்றே தரும் சிறு கருவியால் மட்டும் இறுக்குங்கள், இடுக்கி வேண்டாம்.

எதையும் தொடாமலே சிக்னல் வந்தால், எப்போது வருகிறது என்று கவனியுங்கள். வேகமாக நகரும்போது மட்டும் வந்தால் ஸ்டைலஸ் கனமாகவோ நீளமாகவோ இருக்கிறது. முடுக்கத்தைக் குறைத்துப் பாருங்கள், அல்லது ஸ்டைலஸை அதிக விசையோடு பிடிக்கும் மாட்யூலுக்கு மாறுங்கள். இதுவரை காலிபரேஷன் செய்யாத மாட்யூலைப் பொருத்தினால் காலிபரேஷன் கட்டாயம், இங்கே அதற்கு விலக்கில்லை. அச்சின் ஒரு குறிப்பிட்ட இடத்தில் மட்டும் வந்தால், அந்த இடத்தில் வளையும் கேபிளில்தான் பெரும்பாலும் முறிவு. எந்திரம் சும்மா நிற்கும்போதும் வந்தால், தரையின் அதிர்வையும் கனெக்டர் பின்களையும் பாருங்கள்.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். இரண்டை ஒன்றாக மாற்றினால் எது காரணம் என்றே தெரியாது. நல்லதென்று தெரிந்த வேறொரு மாட்யூலைப் பொருத்தியும், கேபிளை மாற்றியும் பிழை அதே இடத்தில் நின்றால், கோளாறு ப்ரோப் தலையிலோ கன்ட்ரோலர் பக்கமோ இருக்கிறது. சர்வீஸ் பொறியாளரைக் கூப்பிட வேண்டியது அப்போதுதான்; பார்த்த அளவுகளைக் குறித்து அவரிடம் கொடுங்கள்.

இப்படிக்கு,
அளவியல் பொறியாளர் ஒருவர்