மட்கிய பிறகு மூட்டை கட்டட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

காய்கறிக் கழிவை மட்கவைக்கும் நுண் உர மையங்களில் தயாராகும் உரத்தை மாடித் தோட்டக்காரர்களுக்கு வழங்க எங்கள் நகராட்சி முடிவு செய்திருப்பதாகத் தங்கள் நாளிதழில் படித்தேன். நல்ல முடிவுதான். காய்கறிக் கழிவு குப்பைமேட்டுக்குப் போகாமல் மண்ணுக்கே திரும்புகிறதே! ஆனால் எத்தனை மூட்டை கொடுத்தோம் என்பதைவிட, உள்ளே இருப்பது முழுதாக மட்கியதா என்பதுதான் முக்கியம். பாதி மட்கிய உரத்தைத் தொட்டியில் போட்டால், அதை மட்கச் செய்யும் நுண்ணுயிர்கள் மண்ணிலுள்ள தழைச்சத்தைத் தாங்களே எடுத்துக்கொள்ளும், செடி வெளிறிப்போகும். பச்சைச் சாணமோ கோழி எருவோ கலந்திருந்தால் சூடும் அம்மோனியாவும் சேர்ந்து இளவேரைக் கருக்கிவிடும்.

சென்ற ஆடியில் ஒரு கடையில் வாங்கிய தொழுவுர மூட்டையைப் பிரித்தேன். கை வைத்தால் வெதுவெதுப்பு, மூக்கைத் துளைக்கும் நெடி. ஓரமாகக் கொட்டிக் கிளறியதில் விரல் பருமனுக்கு வெள்ளைப் புழுக்கள் சுருண்டு கிடந்தன. காசு கொடுத்து வாங்கிய உரத்துக்கே இந்தக் கதி! எனவே குவியல் போட்ட தேதி, சலித்த தேதி இரண்டையும் மூட்டைமீது அச்சிட வேண்டும். சூடு அடங்கி மண்வாசனை வரும்வரை உரத்தை மையத்தைவிட்டு வெளியே அனுப்பக் கூடாது. அப்புறம், 2 கிலோ பொட்டலமாகவும் கொடுத்தால் நாலு தொட்டி மட்டுமே வைத்திருப்பவர்களும் வாங்குவார்கள்.

– மாடித் தோட்ட வாசகர், திருச்சி மாவட்டம்