வெளிநாட்டு மாணவர் பரிமாற்ற உதவித்தொகை: மேலூர் பெற்றோர் கவனத்திற்கு

அனைவருக்கும் வணக்கம். ரோட்டரி இளைஞர் பரிமாற்றத் திட்டத்தில் 15 முதல் 19 வயது வரையுள்ள மாணவர்கள் ஒரு கல்வியாண்டு வெளிநாட்டில் படிக்கலாம்; அங்குள்ள குடும்பங்களே தங்குமிடமும் உணவும் தருகின்றன என்றாலும், விமானக் கட்டணம், காப்பீடு, விசா ஆகியவை பொதுவாக நம் பொறுப்பு என்பதால், கையில் உள்ளதைக் கணக்குப் பார்த்துவிட்டு இறங்குங்கள். 1947 முதல் பள்ளி மாணவர் பரிமாற்றத்தை நடத்திவரும் ஏ.எஃப்.எஸ். அமைப்பு, வருமானம் குறைந்த குடும்பங்களுக்கு உதவித்தொகையும் வழங்குகிறது.

பாஸ்போர்ட்டை இப்போதே எடுத்துவிடுங்கள். அதில் இனிஷியல் ஏற்கப்படாது. மதிப்பெண் சான்றிதழில் ‘மு. கவிதா’ என்றிருந்தால், விண்ணப்பத்தில் தந்தை பெயரான முருகேசனை முழுமையாக எழுத வேண்டும், ஆதாரிலும் அதே எழுத்துகள் இருக்கின்றனவா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். அரசுப் பள்ளிப் பிள்ளைகள் “நமக்கெல்லாம் எங்கே கிடைக்கும்” என்று ஒதுங்கிவிடாமல், தலைமையாசிரியரிடம் இந்த வாரமே பேசும்படி அன்புடன் கேட்டுக்கொள்கிறேன்.