வாரண்டிக்குப் பிந்தைய ஆண்டுகளுக்கும் பராமரிப்பு அட்டவணை வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் வாகனப் பக்கத்தில் வெளிவரும் புதிய கார்களின் மதிப்புரைகளைத் தொடர்ந்து படித்துவருகிறேன். இன்ஜினின் திறன், மைலேஜ், தொடுதிரையின் அளவு, ஏர்பேக்குகளின் எண்ணிக்கை என எதையும் விடாமல் எழுதும் அப்பக்கம், வாரண்டியைப் பற்றி மட்டும் "3 ஆண்டு அல்லது 1 லட்சம் கிலோமீட்டர்" என்ற ஒற்றை வரியோடு நகர்ந்துவிடுகிறது. அந்த வரி முடிகிற இடத்தில் காரின் ஆயுள் முடிவதில்லை. நன்றாகப் பராமரிக்கப்பட்ட கார் அதற்குப் பிறகும் பத்து ஆண்டு ஓடக்கூடியது. அந்தப் பத்து ஆண்டுகளில் எந்தெந்தப் பாகத்துக்கு எப்போது செலவு வரும் என்பதை வாங்குபவரிடம் விற்பவரும் சொல்வதில்லை, மதிப்புரை எழுதுபவரும் சொல்வதில்லை. இந்தக் குறையைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

வாரண்டி முடிந்த கையோடு கார் செலவு வைக்க ஆரம்பித்துவிட்டது என்ற புலம்பலைக் கார் வைத்திருப்போரிடம் அடிக்கடி கேட்கலாம். குறித்த காலத்தில் கெட்டுப்போகும்படியே பாகங்களைச் செய்கிறார்கள் என்று அடித்துச் சொல்பவர்களும் உண்டு. அப்படியொரு சதி இருந்துதான் ஆக வேண்டும் என்று நான் கருதவில்லை. எந்த இயந்திரத்திலும் தொடக்கத்தில் உற்பத்திக் குறைகளால் பழுதுகள் சற்று அதிகமாக வரும்; பிறகு நெடுங்காலம் அமைதியாக ஓடும்; கடைசியில் தேய்மானத்தால் பழுதுகள் மறுபடி கூடும். தன் பாகங்கள் எவ்வளவு காலம் தாங்கும் என்பதைச் சோதனைகளின் வழியே நன்கறிந்த தயாரிப்பாளர், முதல் கட்டத்தையும் நடுக்கட்டத்தின் ஒரு பகுதியையும் தன் பொறுப்பில் வைத்துக்கொண்டு, தேய்மானம் தலைகாட்டும் கட்டத்தை உரிமையாளர் தலையில் விட்டுவிடுகிறார். வணிகக் கணக்கின்படி இது இயல்பே. அந்தக் கணக்கின் விவரம் ஒரு தரப்பின் கையில் மட்டும் இருக்கிறது என்பதுதான் என் முறையீடு.

நான்காவது, ஐந்தாவது ஆண்டுகளில் செலவு வைக்கும் பாகங்களில் பல, ஓடிய தூரத்தை மட்டும் பார்த்துத் தேய்பவையல்ல. சஸ்பென்ஷன் கைகளில் உள்ள ரப்பர் புஷ்கள், இன்ஜின் மவுண்டுகள், கூலன்ட் செல்லும் ஹோஸ்கள், ஆயில் சீல்கள் ஆகியவை வெப்பத்தாலும் வயதாலும் இறுகி வெடிக்கின்றன. காரை அதிகம் எடுக்காமல் நிறுத்திவைத்தவருக்கும் இந்தச் செலவு வந்தே தீரும். "என் கார் முப்பதாயிரம் கிலோமீட்டர்கூட ஓடவில்லையே" என்று சர்வீஸ் சென்டரில் வாதாடுபவரைப் பார்த்திருக்கிறேன்; அவர் சொன்ன எண் சரி, ஆனால் ரப்பருக்கு அந்த எண் தெரியாது.

இதைவிடக் கவலை தருவது பராமரிப்பு அட்டவணை எழுதப்படும் விதம். சர்வீஸ் செலவு குறைவு என்று விளம்பரப்படுத்த வேண்டும் என்பதற்காகவும், பல வாகனங்களை மொத்தமாக வாங்கும் நிறுவனங்களின் முதல் சில ஆண்டுக் கணக்கில் கார் மலிவாகத் தெரிய வேண்டும் என்பதற்காகவும், ஆயில் மாற்றும் இடைவெளிகள் நீட்டப்பட்டுவருகின்றன. தானியங்கி கியர்பாக்ஸில் உள்ள ஆயில் "ஆயுள் முழுமைக்கும்" போதுமானது என்று சில கார்களின் கையேடு சொல்கிறது. ஆனால் பல கார் நிறுவனங்களுக்குத் தானியங்கி கியர்பாக்ஸ் தயாரித்துத் தரும் ஜெர்மனியின் இசட்.எஃப். நிறுவனமோ, ஓட்டும் முறையைப் பொறுத்து 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள், அதிகபட்சம் 8 ஆண்டுகளுக்குள், அந்த ஆயிலை மாற்றும்படி பரிந்துரைக்கிறது. கியர்பாக்ஸைச் செய்தவர் ஒன்று சொல்ல, அதைக் காரில் பொருத்தி விற்றவர் வேறொன்று சொன்னால், உரிமையாளர் யாரை நம்புவது? வாரண்டிக் காலத்தைத் தாண்டும் வரை இரண்டு அறிவுரைகளுக்கும் வேறுபாடு தெரியாது. தெரியவரும்போது, கியர்பாக்ஸுக்குள் ஆயிலின் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் வால்வ் பாடியோ மொத்த கியர்பாக்ஸோ எஸ்டிமேட்டில் ஏறியிருக்கும்.

இன்ஜினின் வால்வுகளை உரிய நேரத்தில் திறந்து மூடவைக்கும் டைமிங் பெல்ட்டும் அப்படித்தான். அந்த பெல்ட் உள்ள பெரும்பாலான இன்ஜின்களில் அது அறுந்தால், பிஸ்டன் மேலே வந்து திறந்திருக்கும் வால்வுகளில் மோதி அவற்றை வளைத்துவிடும். பெல்ட்டை உரிய காலத்தில் மாற்றும் செலவும், அறுந்தபின் சிலிண்டர் ஹெட்டை இறக்கிச் சரிசெய்யும் செலவும் ஒப்பிடவே முடியாதவை. பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருப்பதால், டாட் 4 வகை ஆயிலுக்குப் புதிதில் குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டிய கொதிநிலை, ஈரம் ஏறிய நிலையில் 155 டிகிரி வரை இறங்கலாம் என்று தரநிலையே ஒப்புக்கொள்கிறது. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றினால் முடிந்துபோகும் வேலை இது. மாற்றாமல் விட்டால் ஏ.பி.எஸ். யூனிட் உள்ளே அரித்துப்போகக்கூடும். கூலன்ட்டும் இப்படி உரிய காலத்தில் மாற்ற வேண்டியதே.

அடுத்து, உதிரி பாகங்கள் விற்கப்படும் முறை. கெட்டுப்போவது ஒரு சிறு புஷ். கிடைப்பது முழு சஸ்பென்ஷன் கை. வீல் பேரிங் தேய்ந்தால் ஹப்போடு சேர்த்து வாங்க வேண்டும். முகப்பு விளக்கில் ஒரு எல்.இ.டி. அணைந்தால் முழு விளக்குத் தொகுதியையும் மாற்றச் சொல்கிறார்கள். தொகுதியாக மாற்றினால் மெக்கானிக்கின் நேரம் மிச்சமாகிறது, வேலையும் ஒரே தரத்தில் அமைகிறது என்ற வாதத்தில் ஓரளவு நியாயம் உண்டு. ஆனால் அந்த மிச்சம் பில்லில் தென்படுவதில்லை. கார் நிறுவனத்தின் முத்திரையோடு பெட்டியில் வரும் பாகங்களில் பலவற்றைச் செய்பவர்கள் பாஷ், டென்சோ, மாலே, வேலியோ, என்.ஜி.கே. போன்ற நிறுவனங்களே. அதே நிறுவனங்கள் அதற்கு இணையான பாகத்தைத் தங்கள் சொந்தப் பெட்டியிலும் விற்கின்றன, பெரும்பாலும் குறைந்த விலைக்கு. வாரண்டி முடிந்தவருக்கு இதைவிடப் பயனுள்ள செய்தி வேறில்லை. போலிப் பாகங்களும் இதே சந்தையில் புழங்குவதால், பாகத்தின் எண்ணைச் சரிபார்த்து நம்பகமான விற்பனையாளரிடம் வாங்க வேண்டும் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

இனிப் பழுதைக் கண்டுபிடிக்கும் முறை. வாரண்டிக்குப் பிந்தைய பில்களைப் பெருக்குவதில் இதற்கே முதலிடம் தருவேன். அமெரிக்காவில் 1996 முதல் கட்டாயமாகி, பின்னர் பிற நாடுகளுக்கும் பரவிய, கார் தன் பழுதைத் தானே கண்டறிந்து தெரிவிக்கும் ஓ.பி.டி. 2 முறையில், எந்த ஸ்கேனரைச் செருகினாலும் காரின் கணினி ஒரு பழுதுக் குறியீட்டைக் காட்டும். அந்தக் குறியீட்டையே நோயின் பெயராக எடுத்துக்கொண்டு, அதில் சொல்லப்படும் சென்சாரை உடனே மாற்றுவது இன்று சாதாரண வழக்கமாகிவிட்டது. வாரண்டிக் காலத்தில் தவறான பாகத்தை மாற்றினால் நட்டம் நிறுவனத்துக்கு. அதன்பின் நட்டம் முழுவதும் நமக்கு.

என் காரில் வாரண்டி முடிந்து சில மாதங்களில் இன்ஜின் எச்சரிக்கை விளக்கு எரியத் தொடங்கியது. சிக்னலில் நிற்கும்போது இன்ஜின் லேசாகக் குலுங்கியது. ஸ்கேனர் காட்டிய குறியீடு பி 0171, அதாவது எரிபொருளோடு கலக்கும் காற்று அளவுக்கு மீறி இருக்கிறது என்பது. அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டர் ஒன்று, காற்றின் அளவை அறியும் சென்சாரையும் ஆக்சிஜன் சென்சாரையும் மாற்ற எஸ்டிமேட் கொடுத்தது. எந்தச் சோதனையை வைத்து இந்த முடிவுக்கு வந்தீர்கள் என்று கேட்டதற்கு, "ஸ்கேனரில் அப்படித்தான் வருகிறது" என்பதே பதில். வேறொரு ஒர்க்‌ஷாப்பில் ஒரு மூத்த மெக்கானிக், இன்ஜினுக்குக் காற்று செல்லும் பாதையில் சோதனைப் புகையைச் செலுத்தி, டார்ச் விளக்கோடு குனிந்து பார்த்தார். ரப்பர் குழாயின் மடிப்புக்கு அடியில், கையால் வளைத்தால் மட்டுமே கண்ணுக்குத் தெரியும் ஒரு வெடிப்பிலிருந்து நூல்போலப் புகை கசிந்தது. சென்சாருக்குப் பின்னால் இருந்த அந்த வெடிப்பின் வழியே அளக்கப்படாத காற்று உள்ளே போய்க்கொண்டிருந்தது; இரண்டு சென்சார்களிலும் எந்தக் குறையும் இல்லை. குழாயை மாற்றிய பிறகு விளக்கு திரும்ப எரியவில்லை. முதல் எஸ்டிமேட்டின் கால்வாசிகூடச் செலவாகவில்லை. மூத்தவர் தன் சோதனை நேரத்துக்குத் தனியாகக் கூலி வாங்கினார். அதை மகிழ்ச்சியோடு கொடுத்தேன். கண்டுபிடிக்கும் வேலைக்குக் கூலி கொடுக்க நாம் தயங்குவதால்தான் பாகம் மாற்றும் வேலைக்குள் அந்தக் கூலி ஒளிந்துகொண்டு வருகிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

இத்தகைய மெக்கானிக்குகள் பிழைத்திருக்க வேண்டுமானால், தயாரிப்பாளரின் பழுதுபார்ப்புத் தகவல்களும் கருவிகளும் அவர்களுக்குக் கிடைக்க வேண்டும். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநில வாக்காளர்கள் 2012-இல் இதற்கு ஆதரவாக வாக்களித்தனர். ஆஸ்திரேலியாவில் 2022 ஜூலை 1 முதல் இதற்கெனச் சட்டப்படியான திட்டமே நடைமுறையில் உள்ளது. இந்தியப் போட்டி ஆணையம் 2014-இல் வழங்கிய உத்தரவில், வெளி ஒர்க்‌ஷாப்களுக்கு உதிரி பாகங்களும் சோதனைக் கருவிகளும் எளிதில் கிடைக்காதபடி செய்ததாக 14 கார் நிறுவனங்களுக்கு அபராதம் விதித்தது. சட்டங்கள் இருக்கின்றன, ஆனால் புதிய கார்களில் கணினிப் பூட்டுகள் கூடிக்கொண்டே போவதால், மாற்றிய பாகத்தைக் காரின் கணினியில் பதிவுசெய்யவே நிறுவனத்தின் அனுமதி தேவைப்படும் நிலை பரவுகிறது.

நம்பகத்தன்மையை அளக்கும் ஆய்வுகளிலும் இதே பார்வைக் குறை உண்டு. பரவலாக மேற்கோள் காட்டப்படும் ஜே.டி. பவர் நிறுவனத்தின் வாகன நம்பகத்தன்மை ஆய்வு, 3 ஆண்டு வயதுள்ள கார்களின் முதல் உரிமையாளர்களிடம் கேட்டுத் தொகுக்கப்படுவது. அந்த வயதில் பெரும்பாலான கார்கள் வாரண்டியிலேயே இருக்கும். அவர்கள் சொல்லும் குறைகளில் தொடுதிரை, போன் இணைப்பு போன்றவை பெரும் இடம் பிடிப்பதில் வியப்பில்லை. ஜெர்மனியின் வாகனச் சோதனை அமைப்பான டி.யூ.வி.யின் அறிக்கையோ கட்டாயத் தகுதிச் சோதனைக்கு வரும் கார்களின் முடிவுகளை வயதுவாரியாகப் பிரித்து, 10 ஆண்டைக் கடந்தவை வரை வெளியிடுகிறது. நெடுநாள் வைத்திருக்கக் கார் வாங்குபவர் பார்க்க வேண்டியது இரண்டாவது வகை எண்களையே.

நீட்டிக்கப்பட்ட வாரண்டி இதற்கெல்லாம் தீர்வாகாதா என்று கேட்கலாம். சிக்கலான கியர்பாக்ஸும் டர்போவும் உள்ள காருக்கு அது பயன்படலாம். ஆனால் தேய்மானப் பாகங்களும், சிறு கோளாறைக் கவனிக்காததால் விளைந்த பெரிய சேதமும் பெரும்பாலான ஒப்பந்தங்களில் விலக்கப்பட்டிருப்பதால், கையெழுத்திடும் முன் விலக்குகளின் பட்டியலைப் படித்தாக வேண்டும். நீண்ட வாரண்டி அளிப்பவர்களிடமும் இதே கவனம் தேவை. ஹூண்டாய் நிறுவனம் தன் தரத்தைப் பற்றிய ஐயங்களைப் போக்க 1998-இல் அமெரிக்காவில் அறிவித்த 10 ஆண்டு வாரண்டி, இன்ஜின், கியர்பாக்ஸ் சார்ந்த பாகங்களுக்கும் முதல் உரிமையாளருக்கும் உரியதே, ஏ.சி.யும் சஸ்பென்ஷனும் அந்தப் பத்து ஆண்டுக்குள் வரவில்லை. பாதுகாப்புக் குறைக்காக நிறுவனம் காரைத் திரும்ப அழைக்கும் ரீகால் வேறு கணக்கு. வாரண்டி முடிந்திருந்தாலும் அந்த வேலைக்குப் பொதுவாகக் கட்டணம் கிடையாது. சேஸிஸ் எண்ணைக் கொடுத்து அதை விசாரித்துக்கொள்ளலாம்.

செலவுக்கு அஞ்சி வாரண்டி முடியும் தறுவாயில் காரை விற்றுவிட்டுப் புதிது வாங்குவோரின் கணக்கும் பெரும்பாலும் பொய்த்துப்போகிறது. காரின் மதிப்பு வேகமாகச் சரிவது முதல் சில ஆண்டுகளில்தான். ஒவ்வொரு முறையும் அந்தச் சரிவை ஏற்றுக்கொள்பவர், ஒரு பெரிய ரிப்பேருக்கு ஆகும் தொகையைப் பல சமயம் ஓராண்டிலேயே இழந்துவிடுகிறார். பில்லாக வராத இழப்பு என்பதால் அது உறைப்பதில்லை.

ஆகவே, கார் விற்கும்போதே 15 ஆண்டு வரையிலான பராமரிப்பு அட்டவணையையும், அதிகம் மாற்றப்படும் பாகங்கள் எத்தனை ஆண்டு வரை எந்த விலையில் கிடைக்கும் என்ற உறுதியையும் எழுத்தில் தர வேண்டும் என்று நிறுவனங்களைக் கட்டாயப்படுத்துவது நியாயமான கோரிக்கை. எஸ்டிமேட்டில் பாகத்தின் பெயருக்கு நேராக, அது கெட்டிருப்பதை எந்தச் சோதனை உறுதிசெய்தது என்றும் குறிப்பிட வேண்டும். பழைய பாகத்தைக் கேட்டு வாங்கும் பழக்கம் உரிமையாளர்களுக்கு வர வேண்டும். ஜாப் கார்டில் "பழைய பாகத்தைத் திருப்பித் தரவும்" என்று எழுதிக் கையெழுத்திட்டால், எஸ்டிமேட் போடுபவரின் பேனா சற்று நிதானிக்கும்.

தங்கள் வாகனப் பக்கம், புதிய கார் ஒவ்வொன்றின் மதிப்புரையோடும் அதே நிறுவனத்தின் எட்டு ஆண்டுப் பழைய கார் ஒன்றைப் பற்றியும் எழுத முன்வர வேண்டும் எனக் கேட்டுக்கொள்கிறேன். எந்தப் பாகம் எத்தனை கிலோமீட்டரில் மாற்றப்பட்டது, பாகத்துக்கு எவ்வளவு, கூலிக்கு எவ்வளவு என்ற விவரங்களைத் தங்கள் வாசகர்களிடமே கேட்டால், பெயரையும் பதிவு எண்ணையும் மறைத்துவிட்டுப் பில்களின் நகலை அனுப்பப் பலர் இருப்பார்கள். என்னிடம் உள்ளவற்றை அனுப்ப நான் ஆயத்தமாக இருக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நாளிதழின் வாசகர்