குட்டி கேட்டுப் போனேன்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

காப்பகத்து நாய், பூனைகளுக்கு வீடு தேடித் தரும் கல்லூரிப் பிள்ளைகளைப் பற்றிச் சென்ற ஞாயிறு மலரில் படித்தேன். படம் எடுப்பது, ரீல்ஸ் போடுவது, முகாமில் குட்டிகளைத் தூக்கிக்கொண்டு நிற்பது எல்லாம் வந்திருந்தது. அவர்கள் ‘தர முடியாது’ என்று சொல்வதை மட்டும் விட்டுவிட்டீர்கள். எனக்கே சொன்னார்கள்.

இரண்டு வருஷத்துக்கு முன் பெசன்ட் நகரில் ஒரு தத்தெடுப்பு முகாம். வெள்ளையாக, புசுபுசுவென்று ஒரு நாய்க்குட்டி. பார்த்ததும் மடியில் எடுத்து வைத்துக்கொண்டுவிட்டேன். அங்கிருந்த பெண்ணுக்கு 19 வயது இருக்கலாம். ‘ஆன்ட்டி’ என்றாள். 66 வயதுக்காரியைப் பாட்டி என்னாததில் நான் குளிர்ந்துபோயிருக்கும்போதே கேள்விகள் வந்துவிட்டன. சொந்த வீடா, வாடகையா? எத்தனையாவது மாடி? லிஃப்ட் நின்றுபோனால் யார் இறக்கிக்கொண்டு போவது? பெங்களூரில் மகள் வீட்டுக்குப் போனால் இது எங்கே இருக்கும்? பெண் பார்க்கப் போன இடத்தில் பெண்ணே நம்மை உட்கார வைத்து விசாரித்த மாதிரி இருந்தது. கடைசியில், “குட்டி உங்களுக்கு வேண்டாம் ஆன்ட்டி. ராத்திரி ரெண்டு மணிக்குக் கத்தும். செருப்பெல்லாம் கடிச்சு வெக்கும். பதினாலு வருஷம்கூட இருக்கும்” என்றாள். 66-ஓடு 14-ஐ மனசுக்குள் கூட்டிப் பார்த்தேன். கோபம்தான் வந்தது, பொய் சொல்வானேன்.

அப்புறம் மேசைக்கு அடியில் படுத்திருந்த ஒரு கறுப்பு நாட்டு நாயைக் காட்டினாள். ஏழு வயது. வண்டியில் அடிபட்டு, பின்னங்கால் ஒன்று கோணலாகக் கூடியிருந்தது. காதில் கருத்தடை ஆனதற்கான வெட்டு. காலையிலிருந்து ஒருவரும் அவனைப் பற்றிக் கேட்கவில்லையாம்.

பிடித்து வந்த தெரு நாய்களை எல்லாம் அடைத்து வைக்கிற இடம்தான் காப்பகம் என்று அதுவரை நினைத்திருந்தேன். அப்படி இல்லையாம். கருத்தடையும் வெறிநோய்த் தடுப்பூசியும் முடிந்த தெரு நாயைப் பொதுவாகப் பிடித்த இடத்திலேயே விட்டுவிட வேண்டும். 2001 விதியும் அப்படித்தான், 2023-இல் வந்த புது விதியும் அப்படித்தான். காப்பகத்தில் தங்கிவிடுபவை தெருவில் இனிப் பிழைக்க முடியாதவை. கண் போனவை, கால் போனவை, அதோடு வீட்டில் வளர்ந்து கைவிடப்பட்டவை. சென்னை வெயிலில் பனிநாட்டு நாயான ஹஸ்கியை வாங்குவது, இரண்டு கோடை தாண்டியதும் காப்பக வாசலில் கட்டிவிட்டுப் போவது, இதுவும் நடக்கிறதாம்.

கறுப்பனை அழைத்து வந்த மூன்றாம் நாள் அந்தப் பெண்ணிடமிருந்து போன்: சாப்பிடுகிறானா? பத்தாம் நாள் இன்னொன்று. தீபாவளிக்கு முதல் நாளும் கூப்பிட்டாள். ஜன்னலைச் சாத்துங்க, ஃபேனை வேகமா வைங்க, வாசல் கதவைத் திறந்து போடாதீங்க என்றாள். ஒரு நாயைக் கொடுத்துவிட்டு இத்தனை முறை விசாரிக்கிற பிள்ளைக்கு பஸ் காசுகூட யாரும் தருவதில்லை. தேர்வு வந்தால் முகாமுக்கு ஆள் குறைந்துவிடுகிறது. நாட்டு நலப்பணித் திட்டத்தில் வருஷத்துக்கு 120 மணி நேரம் சேவை கேட்கிறார்களே, காப்பக வேலையையும் அதில் சேர்த்துக்கொள்ளக் கல்லூரிகள் யோசிக்கலாம்.

இவர்கள் எவ்வளவு ஓடினாலும் கடைசியில் முட்டிக்கொள்வது எங்களைப் போன்ற அடுக்குமாடி வாசலில்தான். டூ லெட் பலகையில் ‘பேச்சிலர் கூடாது’ என்பதற்குக் கீழேயே ‘நாய் கூடாது’ இருக்கிறது. எங்கள் சங்கத்துச் செயலாளர் மூன்றாம் வாரமே வந்துவிட்டார்: கறுப்பனை லிஃப்டில் ஏற்றக் கூடாது. நொண்டி நாய், மூன்றாவது மாடி! குடியிருப்போர் சங்கங்கள் வளர்ப்புப் பிராணிகளைத் தடை செய்யக் கூடாது, லிஃப்டையும் மறுக்கக் கூடாது என்று இந்திய விலங்குகள் நல வாரியம் 2015-இலேயே சொல்லியிருக்கிறது. 1962-இல் ருக்மிணி தேவி அருண்டேல் தலைமையில் தொடங்கி, நெடுங்காலம் இதே சென்னையில் இருந்த வாரியம் அது. இதையெல்லாம் அவரிடம் சொன்னேன். “சரி மேடம்” என்றார். அந்த ‘சரி’க்கு என்ன அர்த்தம் என்று இன்றுவரை தெரியவில்லை. அவர் பக்கமும் கொஞ்சம் நியாயம் உண்டு. அசிங்கம் செய்ததை அப்படியே விட்டுவிட்டுப் போகிற நாய்க்காரர்கள் எங்கள் தெருவிலும் இருக்கிறார்கள். நான் கையில் பழைய பேப்பரோடுதான் இறங்குகிறேன். (உங்கள் இதழ் இல்லை.)

உங்களிடம் ஒரு வேண்டுகோள். ஞாயிறுதோறும் மணமகன், மணமகள் தேவைக்கு இரண்டு பக்கம் ஒதுக்குகிறீர்கள். ஓரத்தில் நாலு வரி இந்தப் பிள்ளைகளுக்குக் கொடுங்கள். குட்டிகளுக்கு வேண்டாம், அவை எப்படியும் போய்விடும். வயதானது, கறுப்பு, ஒற்றைக்கண் என்று மேசைக்கு அடியில் கிடப்பவற்றுக்குக் கொடுங்கள்.

இந்தக் கடிதத்தை வெளியிட்டால் வெட்டி எங்கள் நோட்டீஸ் போர்டில் ஒட்டுவேன். வெளியிடாவிட்டால் கையால் எழுதி ஒட்டுவேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
நங்கநல்லூர், சென்னை.