அக்காவுக்கு, கனடாவின் ஸ்காபரோவிலிருந்து

அன்புள்ள அக்காவுக்கு,

இதைத் தொலைபேசியிலேயே சொல்லிவிடலாம் என்று மூன்று ஞாயிற்றுக்கிழமை முயன்றேன். பக்கத்தில் அம்மா இருப்பார், பிள்ளைகள் இடையில் வந்து "மாமா" என்று கூப்பிடுவார்கள், எனக்கு வாய் வராது. அதனால்தான் கடிதம். தனியாக இருக்கும்போது வாசியுங்கள்.

2023ஆம் ஆண்டு முழுக்க, வேலையைக் குறைத்துவிட்டார்கள் என்று உங்களுக்குச் சொன்னேன். பொய் அக்கா. வேலை இருந்தது. இரவு வேலை முடிந்து காலையில் அறைக்கு வந்ததும் போத்தலைத்தான் எடுப்பேன். என்னை அனுப்புவதற்காக நீங்கள் அடைவு வைத்த காப்புச் சோடியை மீட்கவென்று சேர்த்த காசையும் குடித்தே முடித்தேன். காப்பு ஏலத்தில் போய்விட்டது என்று நீங்கள் சொன்னபோதும், என்னை ஒரு சொல் ஏசவில்லை. அன்றும் குடித்தேன்.

ஊரில் தவறணையிலிருந்து ஒருவன் தள்ளாடி வந்தால் ஒழுங்கையே பார்க்கும். இங்கே நிலவறையில் ஒரு அறை, ஒரு சின்ன யன்னல், அதையும் பனி மூடிவிடும். யார் பார்க்க? போதாததற்கு 2024 செப்டம்பரிலிருந்து ஒன்ராறியோவில் மூலைக்கடைகளிலும் பியர், வைன் விற்கலாம் என்றாகிவிட்டது. பால் வாங்கப் போனாலும் கண்ணில் படும்.

இந்த வருடம் பெப்ரவரியில் கை நடுக்கம் தாங்காமல் டொக்டரிடம் போனேன். தமிழ்ப் பெண். இன்றோடு விட்டுவிடுகிறேன் என்றேன். "நீங்களாகத் திடீரென்று நிறுத்தாதீர்கள், நெடுநாள் குடித்த உடம்புக்கு வலிப்பு வரலாம், உயிரே போகலாம்" என்றார். மருந்து தந்து, அடிக்கடி வரச் சொல்லிப் பார்த்துக்கொண்டார். அப்புறம் ஒரு துண்டில் ஒரு தேவாலயத்தின் முகவரியையும் நேரத்தையும் எழுதித் தந்தார். அல்கஹோலிக்ஸ் அனொனிமஸ் கூட்டம், குடியை விட நினைக்கிறவர்கள் கூடி ஒருவருக்கொருவர் துணையாக இருக்கிற இடம். இங்கே ஏஏ என்பார்கள்.

முதல் கிழமை வாசல் வரை போய்விட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பிவிட்டேன். இரண்டாம் கிழமைதான் உள்ளே போனேன். தேவாலயத்தின் கீழ்த்தளம், மடக்குக் கதிரைகள், ஒரு பெரிய கோப்பிப் பானை. பதிவு இல்லை, கட்டணம் இல்லை, முதல் பெயர் மட்டும் போதும். ஒரு கூடை சுற்றி வரும், விரும்பியவர்கள் ஏதாவது போடுவார்கள். புதிதாக வந்தவரிடம் எதிர்பார்ப்பதில்லை. யார் வந்தார்கள், என்ன சொன்னார்கள் என்று வெளியில் கதைக்கக்கூடாது. அதனால் என் கதையை மட்டும் எழுதுகிறேன்.

ஒவ்வொருவரும் தன் பெயரைச் சொல்லி, "நான் ஒரு குடிகாரன்" என்றுதான் தொடங்குவார்கள். எங்கள் ஊரில் அது அடுத்தவர் நம்மேல் எறிகிற சொல். அப்பாவை அப்படிச் சொன்னவனோடு நான் அடிபட்டது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். இங்கே அந்தச் சொல்லை ஒருவர் தானே தன்மேல் வைத்துக்கொள்கிறார், மற்றவர்கள் அவர் பெயரைச் சொல்லி வணக்கம் சொல்கிறார்கள். நான் ஆறு கிழமை பெயரை மட்டும் சொல்லிவிட்டு இருந்தேன். பிறகு ஆங்கிலத்தில் சொன்னேன். அது யாரையோ பற்றிச் சொன்னது போல லேசாக இருந்தது. ஒரு நாள் தமிழிலேயே சொன்னேன். ஒருவருக்கும் விளங்கியிருக்காது. ஆனாலும் நான் அழுது முடியும்வரை யாரும் அசையவில்லை.

எனக்கு ஒரு ஸ்பொன்சரும் இருக்கிறார். எங்கள் ஆட்களுக்கு ஸ்பொன்சர் என்றால் விசாதான் நினைவுக்கு வரும். இங்கே, முன்பே குடியை விட்டு, புதியவரின் கையைப் பிடித்து நடத்துகிறவர். இவர் ஓய்வு பெற்ற பஸ் சாரதி. எழுதலாமா என்று அவரிடம் கேட்டுவிட்டே எழுதுகிறேன். இரவு இரண்டு மணிக்கு எடுத்தாலும் பேசுவார். அவர்தான் இந்த ஏஏ தொடங்கிய கதையைச் சொன்னார். 1935இல் பில் வில்சன் என்ற நியூயோர்க்காரர், குடியை விட்டுச் சில மாதமே ஆனவர், வியாபார விஷயமாக ஒஹாயோவில் ஏக்ரன் என்ற ஊருக்குப் போனார். வியாபாரம் கைகூடவில்லை. ஹோட்டல் முகப்பில் தனியே நிற்கிறார், அங்கேயே மதுச்சாலையும் இருக்கிறது. உள்ளே போகாமல் தொலைபேசியை எடுத்து, பேசுவதற்கு இன்னொரு குடிகாரர் கிடைப்பாரா என்று தேவாலயக்காரர்களைக் கேட்டார். அப்படித்தான் டொக்டர் பொப் சிமித் என்ற, குடியில் விழுந்திருந்த சத்திரசிகிச்சை நிபுணரிடம் போய்ச் சேர்ந்தார். அவர்கள் இருவரும்தான் ஏஏயைத் தொடங்கினார்கள். தெரியாத ஊர், தோல்வி, தனிமை. கேட்கும்போது என் அறையும் யன்னலும்தான் கண்ணுக்குள் வந்தன.

குடியை விடுவதற்கு ஏஏயில் பன்னிரண்டு படிகள் உண்டு. குடிக்கு முன்னால் என் பலம் செல்லாது என்று ஒப்புக்கொள்வது முதல் படி. கடவுள் பேச்சும் வரும். ஆனால் கடவுளை நீ எப்படி விளங்கியிருக்கிறாயோ அப்படி என்று விட்டுவிடுகிறார்கள். எழுந்து நின்று பிரார்த்திக்கும்போது நான் நல்லூர்க் கந்தனைத்தான் நினைக்கிறேன்.

எட்டாம் படி, நாம் கெடுதி செய்தவர்களின் பெயர்களை எழுதுவது. ஒன்பதாவது, அவர்களுக்குச் செய்ததைச் சரிப்படுத்துவது. என் பட்டியலில் முதல் பெயர் உங்களுடையது அக்கா. அந்தக் காப்பு இனித் திரும்பாது என்று தெரியும். அதன் பெறுமதிக்கு மாதாமாதம் காசு அனுப்புகிறேன், இந்த மாதமே தொடங்கிவிட்டேன். வேண்டாம் என்று சொல்லாதீர்கள்.

குடிக்காமல் ஒன்பது மாதம் ஆகிறது. அதற்கு ஒரு நாணயம் தந்தார்கள், சட்டைப் பையில் வைத்திருக்கிறேன். அம்மாவுக்குச் சொல்வதா என்பதை நீங்களே பாருங்கள். கோபம் இருந்தால் அதையும் எழுதுங்கள், வாசிப்பேன்.

சரி அக்கா, பஸ்ஸுக்கு நேரமாகிறது. இன்று கூட்டத்துக்குக் கோப்பி போடுவது என் முறை, கொஞ்சம் வெள்ளனப் போகவேண்டும்.

உங்கள் தம்பி