கறுத்த பெண்ணுக்கு லிப் பாம் மட்டும்தானா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பிதழில் உதட்டுச் சாயம் பற்றி வந்த பக்கத்தை என் அழகுநிலையத்தில் வேலை பார்க்கும் பெண்தான் கொண்டுவந்து காட்டினாள். மேட், கிரீம், க்ளாஸ், டின்ட், லிப் பாம் என்று ஐந்து வகையையும் பிரித்து எழுதியிருந்தீர்கள். கடைசிப் பத்தியில், கறுத்த நிறமுள்ளவர்கள் சாயத்தைத் தவிர்த்து லிப் பாமோடு நிறுத்திக்கொண்டால் பாந்தமாக இருக்கும் என்று ஒரு வரி. அந்தப் பெண் ஒன்றும் சொல்லவில்லை. கையிலிருந்த பிரஷ்ஷை எடுத்துக்கொண்டு கழுவப் போய்விட்டாள். அவளும் கறுப்பு, நானும் கறுப்பு. 22 ஆண்டுகளாக மதுரை வட்டாரத்தில் மணப்பெண் அலங்காரம் செய்து பிழைக்கிறேன். அந்த உரிமையில்தான் இதை எழுதுகிறேன்.

எந்த முகத்தை நினைத்து அந்தக் கட்டுரை எழுதப்பட்டது என்பது படங்களிலேயே தெரிகிறது. ஐந்து வகைக்கு ஐந்து படங்கள், ஐந்திலும் வெளுத்த முகம். 'நியூட்' என்றால் உதட்டின் இயல்பான நிறம் என்று விளக்கம் வேறு. யாருடைய உதட்டின் இயல்பு, ஐயா? அந்த வெளிர் ரோஜா நிறம் வருவதற்கு டைட்டானியம் டை ஆக்சைடு என்ற வெள்ளைப் பொடியைச் சேர்க்கிறார்கள். அதை எங்கள் உதட்டில் பூசினால் சாம்பல் பூத்தது போலிருக்கும், பத்து நாள் காய்ச்சலில் கிடந்து எழுந்தவள் போலிருக்கும். நம் பெண்களில் பலருக்கு மேலுதடு கறுத்தும் கீழுதட்டின் நடுப்பகுதி இளஞ்சிவப்பாகவும் இருக்கும். ஒரே சாயம் இரண்டு உதட்டிலும் இரண்டு நிறமாகத் தெரியும். அதனால்தான் முதலில் காப்பி நிற லைனரால் விளிம்பை வரைந்து, உள்ளேயும் லேசாகத் தேய்த்து, இரண்டையும் சமமாக்கிவிட்டு மேலே பூசுகிறோம். அந்த லைனரைப் பற்றி உங்கள் பக்கத்தில் ஒரு சொல் இல்லை.

லிப்ஸ்டிக் என்பது மெழுகும் விளக்கெண்ணெயும் நிறப்பொடியும் சேர்ந்தது, அவ்வளவுதான். எண்ணெய் கூடினால் பளபளக்கும். எண்ணெய் குறைந்து பொடி கூடினால் மேட். திரவ மேட்டில் ஆவியாகும் எண்ணெய் காற்றில் போய்விட, நிறம் மட்டும் படலமாக உதட்டில் பிடித்துக்கொள்ளும். ஹோமப் புகைக்கும் பாலும் பழத்துக்கும் அது அசையாது. ஆனால் காய்ந்த உதட்டில் மூன்று மணி நேரத்தில் வெடிப்பு வெடிப்பாகத் தெரியும். தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைத்தால்தான் போகும். க்ளாஸ் போட்டால் மின்விசிறிக் காற்றில் முன்முடியெல்லாம் உதட்டில் வந்து ஒட்டும். டின்ட் தோலில் ஊறும் சாயம். கறுத்த உதட்டில் இளஞ்சிவப்பு டின்ட் பூசியதே தெரியாது, அடர்த்தியான நிறமாகப் பார்த்து வாங்க வேண்டும். இவ்வளவு சொல்ல இருக்கும்போது எங்களுக்கு லிப் பாம் போதும் என்று முடித்துவிட்டீர்கள். பாம் வெடித்த உதட்டுக்கு மருந்து. அலங்காரம் கேட்டு வந்தவள் கையில் மருந்தைக் கொடுத்து அனுப்பலாமா?

மூன்று ஆண்டுகளுக்கு முன் மேலூர்ப் பக்கம் ஒரு கல்யாணம். விடியற்காலை நாலு மணிக்குப் பெண்ணை உட்கார வைத்தேன். அத்தைக்காரி வெளிர் ரோஜா நிறக் குச்சி ஒன்றைக் கொண்டுவந்து நீட்டி, "இதைப் போடும்மா, கறுப்பிக்குச் சிவப்பு எடுக்காது" என்றார். பெண் கண்ணாடியைப் பார்த்தபடியே, "அக்கா, எனக்குச் சிவப்புதான் வேண்டும்" என்றாள், மெதுவாக. அரக்குப் புடவைக்குப் பொருத்தமாக மெரூன் கிரீம் பூசினேன். மெரூன், செங்கல் சிவப்பு, நாவல்பழ நிறம், பழுத்த கோவைப்பழச் சிவப்பு எல்லாம் கறுத்த முகத்தில்தான் எடுத்துக் கொடுக்கும். நான் கிளம்பும்போது அந்தப் பெண் என்னைக் கூப்பிட்டு, பாதி தேய்ந்த அந்த மெரூன் குச்சியை விலை கொடுத்து வாங்கி வைத்துக்கொண்டாள்.

என் அம்மா வயல்வேலைக்குப் போனவள். என்னைவிடக் கறுப்பு. வெற்றிலை போட்டுச் சிவந்த வாயோடுதான் சிரிப்பாள். உனக்கு இந்தச் சிவப்பு ஆகாது என்று ஊரில் ஒருவரும் அவளிடம் சொன்னதில்லை. எனக்குத்தான் சொன்னார்கள். 1996-இல் பள்ளி ஆண்டுவிழா நடனத்துக்கு எல்லாப் பிள்ளைகளுக்கும் வரிசையாக லிப்ஸ்டிக் பூசிக்கொண்டு வந்த ஆசிரியை, என் முறை வந்ததும் குச்சியை மூடிவிட்டு, பவுடர் மட்டும் அடித்துப் பின் வரிசையில் நிறுத்தினார். சென்ற ஞாயிறு உங்கள் வரியைப் படித்தபோது அந்த மூடியின் சத்தம்தான் காதில் விழுந்தது.

மணமகள் தேவை விளம்பரங்களில் 'சிவந்த நிறம்' என்ற சொல் உங்கள் பக்கங்களில் எத்தனை ஆண்டுகளாக வருகிறது என்பது தாங்கள் அறியாததல்ல. சிவப்பழகு கிரீம் விளம்பரங்களும் அப்படித்தான். 1975-இல் வந்த 'ஃபேர் அண்ட் லவ்லி'கூட 2020-இல் 'க்ளோ அண்ட் லவ்லி' என்று பெயரை மாற்றிக்கொண்டது. 'டார்க் இஸ் பியூட்டிஃபுல்', அதாவது கறுப்பும் அழகுதான் என்ற இயக்கம் 2009-இல் நம் சென்னையிலிருந்துதான் கிளம்பியது. இதெல்லாம் நடந்த பிறகும் எங்கள் வீட்டுக்கு வரும் பத்திரிகையில் அப்படி ஒரு வரி வந்ததே என்பதுதான் வேதனை. என் அப்பா காலத்திலிருந்து வாங்குகிறோம்.

சைவ வீட்டுப் பெண்களுக்காக இன்னொன்றும் எழுதியிருக்கலாம். சில சிவப்புச் சாயங்களில் கள்ளிப்பூச்சியிலிருந்து எடுக்கும் கார்மைன் இருக்கிறது. டப்பாவில் 75470 என்ற எண் இருந்தால் அதுதான். பல மணப்பெண்கள் என்னிடம் கேட்டுத்தான் தெரிந்துகொண்டார்கள்.

தாங்கள் மன்னிப்பு கேட்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. அடுத்த இணைப்பிதழில் ஒரு படம் போடுங்கள். கறுத்த பெண் ஒருத்தியின் உதட்டில் மெரூன், அவ்வளவுதான். படத்துக்கு முகம் கிடைக்கவில்லை என்றால் என் கடைப் பெண் வரத் தயாராக இருக்கிறாள், கேட்டுவிட்டேன். பஸ் செலவுகூட நீங்கள் தர வேண்டாம்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகி,
மதுரை.